கேலரியில் நடப்பதைக் கிளப்பிடம் தட்டிக் கேட்பது எப்படி? கொங்குப் பக்கத்துக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மூடியைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போங்க."

எங்கள் சண்டை இந்த ஒரு வரியில்தான் தொடங்கியது. ஏப்ரல் மாத வெயில். கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ரயிலேறிப் போன பதினோரு பேர், கேட்டில் ஒன்றரை மணி நேரம் வரிசை. முதலில் பாட்டில் மூடி போனது, அப்புறம் பாட்டிலே போனது, அப்புறம் தப்பு மேளம், கடைசியில் நாங்கள் எழுதிக் கொண்டுபோன துணி பேனர். உள்ளே போனால் குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை. கிளப்பின் கடையில் இருபது ரூபாய் பாட்டில் ஐம்பது ரூபாய், அதுவும் மூடியோடு. அன்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம், முகநூலில் கொட்டித் தீர்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சீசனில் ஆளும் கூடியது, கொஞ்சம் யோசித்துச் செய்தோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த கிளப், எந்த மைதானம் என்று சொல்லப்போவதில்லை. நீங்கள் போகும் மைதானத்திலும் இதேதான் நடந்திருக்கும்.

நம் ஊருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது பெரிய ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ, வாளையார் தாண்டிக் கொச்சிக்கோ போகவேண்டியிருக்கிறது. அதாவது நாம் எங்கே போனாலும் வெளியூர்க்காரர்கள். வெளியூர்க்காரன் சத்தம் போட்டால் 'கலாட்டா', உள்ளூர்க்காரன் போட்டால் 'உணர்வு'. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: செய்தது யார் என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான போராட்டங்கள் இங்கேயே சொதப்பிவிடுகின்றன. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியை எது கேட்டாலும் "போலீஸ் ஆர்டருங்க" என்பார். போலீசைக் கேட்டால் "கிளப்பைக் கேளு" என்பார்கள். கிளப்பைக் கேட்டால் "ஸ்டேடியம் விதி" என்பார்கள். கிணற்றில் போட்ட கல்தான்.

ஒரு மைதானத்தில் பொதுவாக ஐந்து கைகள் இருக்கும்: ஆட்டத்தை நடத்தும் கிளப், அது அமர்த்திய தனியார் செக்யூரிட்டி ஏஜென்சி, காவல்துறை, மைதானத்தின் சொந்தக்காரர், டிக்கெட் விற்ற இணையதளம். தமிழ்நாட்டுப் பெரிய மைதானங்கள் பலவும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருப்பவை. கழிப்பறை கதவில்லாமல் இருந்தால் அது மைதானத்தின் குறையா, கிளப்பின் குறையா என்பது இவர்களுக்குள் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

அதைத் தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியார் கிளப்பிடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அரசு மைதானத்தின் நிர்வாகமும் காவல்துறையும் பதில் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே கேள்வி எழுதுங்கள்: கிளப்புக்கு மைதானம் கொடுத்தபோது குடிநீர், கழிப்பறை பற்றி விதித்த நிபந்தனைகளின் நகல், அந்தத் தேதி ஆட்டத்துக்குக் காவல்துறை கொடுத்த தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். எங்களுக்கு வந்த பட்டியலில் பட்டாசு இருந்தது, கண்ணாடி பாட்டில் இருந்தது, கம்பு இருந்தது. தப்பு மேளமும் இல்லை, துணி பேனரும் இல்லை. ஒரு சீசன் முழுக்க நாங்கள் போலீசைத் திட்டிக்கொண்டிருந்தது வீண்.

செக்யூரிட்டி அண்ணனிடம் மட்டும் கோபத்தைக் காட்டாதீர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நிற்க நிழல் கிடையாது, அவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார்கள். பின்னால் எங்களுக்கு நிறைய விஷயம் சொன்னவரே அப்படி ஒருவர்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பெண்களைச் சோதனையிடுவது. போலீசே ஆனாலும் பெண்ணைப் பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. போலீசுக்கே அப்படியென்றால், தனியார் செக்யூரிட்டி ஆண் கைவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அப்படி நடந்தால் கடிதம், பேனர் என்று காத்திருக்க வேண்டாம். அங்கேயே நிறுத்தி, பணியில் இருக்கும் பெண் காவலரைக் கூப்பிட்டு, எழுத்தில் புகார் கொடுங்கள்.

படி 2: அன்றிரவே எழுதி வையுங்கள்

திரும்பி வரும் ரயிலில் ஈரோட்டுக்காரர் ஒருவர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், கை தானாகவே கட்டம் போட்டது. பெயர், கேட் எண், வந்த நேரம், உள்ளே போன நேரம், எடுத்துக்கொண்ட பொருள், யார் எடுத்தது, என்ன சொன்னார்கள். ஏழு கட்டம். அந்த ஒரு நோட்டுதான் கடைசி வரை எங்களுக்குக் கை கொடுத்தது. "எல்லாரையும் கேவலமாக நடத்தினார்கள்" என்பதற்கு எந்த நிர்வாகியும் பதில் சொல்ல மாட்டார். "4ஆம் கேட்டில் 31 பேரிடம் பாட்டில் வாங்கினீர்கள், உள்ளே குழாய் இல்லை" என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போட்டோவை வெட்டாமல், ஃபில்டர் போடாமல் அப்படியே வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் படத்தோடு இருக்கும் நேரக் குறிப்பு போய்விடும், அதனால் எடுத்தவர் போனில் அசல் இருக்கட்டும். தாள் டிக்கெட்டாக இருந்தால் உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த எழுத்து நாலு மாதத்தில் வெளுத்துவிடும்.

ஐம்பது ரூபாய்த் தண்ணீருக்கு ஒரு தனி வழி. பில் கேளுங்கள், கொடுக்காவிட்டால் பாட்டிலில் அச்சிட்ட விலையும் கடையின் விலைப்பலகையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பொட்டலப் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறைக் கடையில் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதைப் பார்க்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவு தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. இந்தப் புகாருக்குப் போராட்டமெல்லாம் வேண்டாம், ஒரு மனு போதும்.

படி 3: ஆள் சேர்ப்பது

குரூப்பில் இருநூறு பேர் இருப்பார்கள். கூட்டம் போட்டால் ஒன்பது பேர் வருவார்கள். கவலைப்படாதீர்கள், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள கடிதத்தை அலுவலகங்களில் இரண்டு முறை படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். திருப்பூர்ப் பசங்களுக்கு மற்ற நாள் ஷிஃப்ட் ஒத்துவராது. வசூல் சனிக்கிழமை சாயங்காலம். வாரச் சம்பளம் வாங்கிய கையோடு நூறு ரூபாய் கேட்டால் கிடைக்கும், செவ்வாய்க்கிழமை கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாமுங்க"தான். கணக்கைக் குரூப்பில் போட்டுவிடுங்கள். கட்சித் துண்டு, சாதிச் சங்கக் கொடி இரண்டையும் வாசலோடு நிறுத்துங்கள். நம் ஊரில் நல்ல காரியத்துக்கு ஆதரவு தருகிறேன் என்று வருபவர் இரண்டாவது கூட்டத்தில் மேடை கேட்பார்.

பேசும் குழுவில் கட்டாயம் பெண்கள் இருக்க வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர் ஒருவரும் இருக்கட்டும். கேலரியில் குதிக்கிற இருபது வயதுப் பையன்கள் மட்டும் போய் நின்றால், நிர்வாகம் ஒரே வார்த்தையில் முடித்துவிடும்: 'ரவுடிகள்'.

படி 4: ஒரே ஒரு கோரிக்கை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் புதிய கேலரியில் ஒரு டிக்கெட்டை 77 பவுண்டுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி 6, சண்டர்லேண்டுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, சரியாக 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, அதிகபட்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். அந்தக் கிளப் மேல் ரசிகர்களுக்கு வேறு நூறு குறை இருந்திருக்கும். அன்று கேட்டது ஒன்றே ஒன்று. நிமிடமே கோரிக்கையைச் சொல்லியது, டிவி பார்த்தவனுக்கு விளக்கவே தேவையில்லை.

எங்கள் முதல் கடிதத்தில் பதினேழு கோரிக்கை இருந்தது. பயிற்சியாளரை மாற்றுவது பத்தாவது, கழிப்பறை பதினொன்றாவது. அதைப் படித்தவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எங்குமே தொடங்காமல் விட்டிருப்பார். இரண்டாவது கடிதம் இவ்வளவுதான்:

'ஐயா, வணக்கம். இந்தத் தேதி நடந்த ஆட்டத்துக்கு 4ஆம் கேட் வழியாக வந்த எங்களில் 31 பேரிடம் தண்ணீர் பாட்டில் வாங்கப்பட்டது. கேலரிக்குள் குடிநீர் வசதி இல்லை. பட்டியலும் படங்களும் இணைத்துள்ளோம். அடுத்த ஆட்டம் முதல் ஒவ்வொரு கேலரியிலும் இலவசக் குடிநீர் வைக்க வேண்டுகிறோம். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.'

தப்பையும் பேனரையும் விட்டுவிட்டோமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் தண்ணீருக்கு எதிராக யாரும் பேச முடியாது. பக்கத்து சீட்டில் குழந்தையோடு வந்த அம்மாவும் நம் பக்கம் நிற்பார். தப்பு வேண்டும் என்றால் அவரே முகத்தைச் சுளிப்பார்.

மின்னஞ்சல் மட்டும் போதாது. ரெஜிஸ்டர் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகல் மைதான நிர்வாகத்துக்கு ஒன்று, உள்ளூர்க் காவல்துறைக்கு ஒன்று. கெடு முடியும்வரை முகநூலில் வாயைத் திறக்காதீர்கள். கஷ்டமான வேலைதான்.

படி 5: எப்படி எதிர்ப்பைக் காட்டுவது

கெடு முடிந்தும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

மௌனம்தான் செலவில்லாத முறை. 2012 நவம்பர், டிசம்பரில் ஜெர்மனி மைதானங்களில் ரசிகர்கள் ஆட்டம் தொடங்கி 12 நிமிடம் 12 வினாடி வரை வாயே திறக்கவில்லை. டிசம்பர் 12 அன்று கிளப்புகள் முடிவெடுக்கவிருந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு எதிராக அது. விதிகள் அன்று நிறைவேறத்தான் செய்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சத்தமில்லாத மைதானம் எப்படி இருக்கும் என்று கிளப்புகளுக்குக் காது கேட்டுவிட்டது. நம் கேலரியில் ஜமாப் அடிக்கிறவர்கள் மேளத்தை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பந்து காலில் படுகிற சத்தம்கூட மேலே கேட்கும். எனக்கு முதுகு சிலிர்த்தது அன்றுதான்.

நடுவில் எழுந்து போவது அடுத்தது. ஆட்களும் ஒழுங்கும் வேண்டும், அதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

டிக்கெட்டை மறுப்பது கிளப்பின் பணப்பெட்டியைத் தொடும். கொச்சி கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸின் 'மஞ்சப்பட' என்ற ரசிகர் அமைப்பினர் 2024 டிசம்பரில், டிக்கெட் விற்பனையில் இனிப் பங்கெடுக்கப்போவதில்லை என்று நிர்வாகத்துக்கு அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் இருந்தால் செய்யலாம். முப்பது பேர் வராமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

பொருள் எறிவதைப் பற்றிக் கேட்பீர்கள். 2024 தொடக்கத்தில் ஜெர்மனியில் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்து எறிந்தே ஆட்டங்களை நிறுத்தினார்கள். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் திட்டம் பிப்ரவரி 21 அன்று கைவிடப்பட்டது. வென்றது உண்மை. ஆனாலும் நம் ஊரில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பந்து விழுந்தால் அடுத்த ஆட்டத்துக்கு நம் கையில் இருக்கும் கைக்குட்டையையும் பிடுங்கிக்கொள்ள அதுவே காரணமாகிவிடும். விளையாடுகிறவர்களைத் திட்டுவதும் கூடாது. அவர்களா பாட்டிலை வாங்கினார்கள்?

பேனருக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம், மடங்காது, கம்பி கேட்கும். சோமனூர்ப் பக்கம் தறிக்காரரிடம் காடாத்துணி கேளுங்கள். மடித்தால் ஒரு பையில் அடங்கும், நனைந்தாலும் பிழிந்து எடுக்கலாம். எழுத்து ஒரு முழ உயரத்துக்குக் குறைந்தால் எதிர் கேலரிக்குத் தெரியாது. அதனால் மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

பேனரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து நாங்கள் ஒரு வேலை செய்தோம். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஆளுக்கொரு எழுத்தாக ஆறு பனியனில் அடித்துக் கொடுத்தார்: த, ண், ணீ, ர், கொ, டு. போட்டிருக்கும் பனியனை யாரும் கழற்றச் சொல்ல முடியாதே! முதல் பாதி அருமையாகப் போனது. இடைவேளையில் 'ர்' பனியன் போட்ட தம்பி டீ குடிக்கப் போய்விட்டான். கேமரா சரியாக அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பியது. 'தண்ணீ கொடு' என்று ஐந்து பேர் வரிசையாக நின்று கேட்டதை ஊரே பார்த்தது. என் மாமியார் உட்பட. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மாற்று ஆள் வையுங்கள்.

படி 6: அனுமதி

மைதானத்துக்குள் மௌனமாக இருக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வெளியே கூடினால் போலீஸ் அனுமதி வேண்டும். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம். 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி குறைந்தது ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். ஈரோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சி என்றால் உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வழியாக டிஎஸ்பிக்கு. ஆட்டம் வேறு ஊரில் என்றால் அந்த ஊர்ப் போலீசிடம்தான். மனுவில் ஆள் எண்ணிக்கை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், பொறுப்பாளர் இருவரின் போன் எண் இருக்கட்டும். மைக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

"ஏந் தம்பி, தண்ணி பாட்டிலுக்கெல்லாமா ஆர்ப்பாட்டம்?" என்று இன்ஸ்பெக்டர் சிரிப்பார். நீங்களும் சிரித்துவிட்டு முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் உரிமை, நியாயமான கட்டுப்பாடு மட்டும்தான் விதிக்கலாம். எழுத்தில் மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றம் போகலாம். நம்மில் கரூர்க்காரர்களுக்கு மட்டும் மதுரைக் கிளை, கோவை, ஈரோடு, சேலம் எல்லாம் சென்னை.

படி 7: அந்த நாள்

2025 செப்டம்பர் 27 இரவு கரூர் வேலுசாமிபுரத்தில் நெரிசலில் 41 உயிர் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாம். கால்பந்து உலகிலும் அந்த வலி பழையது. கொல்கத்தா ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று 16 ரசிகர்கள் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர். பழியை ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 ஆனது. 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங்கில் போலீஸ் கேலரி மேல் கண்ணீர்ப் புகை அடிக்க, எல்லோரும் ஒரே பக்கம் ஓடி 135 பேர் இறந்தார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப் புகை கூடாது என்பது ஃபிஃபாவின் விதியாக ஏற்கெனவே இருந்ததுதான்.

ஆகவே எழுந்து போவது என்று முடிவெடுத்தால், முந்தைய ஆட்டத்திலேயே உங்கள் கேலரியின் வழிகளை நடந்து பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் கேட் பூட்டியிருக்குமா என்று மைதானப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பூட்டியிருக்கும் என்றால் அந்தத் திட்டத்தை விடுங்கள், மௌனத்தோடு நில்லுங்கள். திறந்திருந்தால் மேல் வரிசையில் இருப்பவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். கீழ் வரிசை முதலில் நகரட்டும், படி காலியான பிறகு அடுத்த வரிசை. வரிசைக்கு ஒருவர் பொறுப்பு. குழந்தை, பெரியவர்களோடு வந்தவர்கள் எழவே வேண்டாம், அவர்கள் உட்கார்ந்திருப்பதும் எதிர்ப்புக்கு எதிரானதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒருவர் படம் மட்டும் எடுக்கட்டும். ஒருவர் போலீசோடு மட்டும் பேசட்டும். ஒருவர் கையில் முதலுதவிப் பை, 108. நிருபர் மைக்கை நீட்டினால் ஒரே ஆள்தான் பேச வேண்டும், அதே ஒரு வரிக் கோரிக்கையைத்தான் சொல்ல வேண்டும். பயிற்சியாளரைப் பற்றிக் கேட்பார்கள், நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள்.

படி 8: கூப்பிட்டுப் பேசும்போது

கூப்பிடுவார்கள். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேர் போங்கள், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். கையெழுத்துப் போட்ட ஜெர்சி, விஐபி பாஸ், வீரர்களோடு படம் எல்லாம் மேஜைக்கு வரும். டீயை மட்டும் குடியுங்கள். ஒப்புக்கொண்டதை அன்று மாலையே நீங்களே எழுதி, 'நாம் பேசியபடி' என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். அவர்கள் மறுக்கவில்லை என்றால் அதுவே ஒரு சான்று. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகள் ஒவ்வொன்றிலும் ரசிகர் ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும் என்று 2023-24 சீசனில் வந்தது. அப்படி ஒன்றை இங்கேயும் கேட்கலாம், ஆனால் தண்ணீர் வந்த பிறகு.

வெளியில் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். நிர்வாகி கமிஷன் அடித்தார் என்று ஆதாரமில்லாமல் ஒரு வரி போட்டால், அவதூறு வழக்கு உங்கள் மேல், தண்ணீர் விஷயம் அதோடு காலி.

பேச்சே இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குப் பெரிய வசதி, ஆட்டம் எங்கே நடந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொச்சியில் நடந்ததற்குக் கோவையில் வழக்கு. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பாருங்கள், சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் 'காரணம் சொல்லாமல் வெளியேற்றும் உரிமை உண்டு' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்க்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அதற்கு மாநில நுகர்வோர் ஆணையம் போக வேண்டும்.

எங்களுக்கு எட்டாவது ஆட்டத்தில் தண்ணீர் கிடைத்தது. கேலரிக்கு இரண்டு கேன், ஒரு மேஜை, சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒன்பதாவது ஆட்டத்தில் முதல் பாதியிலேயே கேன் காலி. ஈரோட்டுக்காரர் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்: 4ஆம் கேட், 7.52, இரண்டு கேனும் காலி.